தேசிக்காய் பரீட்சையில் வராது

பிற்பகல் நான்கு இருபதுக்கு வத்சலா பஸ்ஸால் இறங்கி எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினாள். படலையடியில் பதினொரு சைக்கிள்கள் சாத்திக் கிடந்தன. முற்றத்தில் செருப்புகள் சோடி சோடியாக. வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"இஞ்சரப்பா! ஆருக்கு என்ன நடந்தது?"

நான் பக்கக் கொட்டிலுக்குள் கரும்பலகைக்கு முன்னால், கையில் வெண்கட்டியோடு நின்றேன். பின்னக் கணக்கு நடந்துகொண்டிருந்தது.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. வகுப்பு நடக்குது" என்றேன்.

"செத்தவீடாக்கும் எண்டு நெஞ்சு திக்கெண்டு போச்சு. என்ன வகுப்பு? உதெல்லாம் ஆற்றை பிள்ளையள்?"

என் மனைவி ஆஸ்பத்திரித் தாதி. அன்று வெள்ளைச் சீருடையோடு வந்திருந்தாள். அதைக் கண்டதும் முன்வாங்குப் பெடியன் ஒருவன் எழுந்து நின்றான். ஊசி போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ, சேட்டுக் கையை மேலே சுருட்டத் தொடங்கினான். மற்றவர்கள் சிரித்தார்கள். வத்சலா சிரிக்கவில்லை. அவள் கண் வாங்கு வாங்காகப் போய்க் கடைசி வாங்கில் நின்றது.

அங்கே எங்கள் மூத்த மகள் துளசி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். வலது கை எழுதியது. இடது கை வயிற்றை அமத்திப் பிடித்திருந்தது.

அந்த இடது கைக்காகத்தான் நாங்கள் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்து வீட்டில் வைத்திருந்தோம். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

டயறியில் இல்லாத நேரம்

பஸ் நிலையத்தில் நான் ரைம் கீப்பராக இருந்த கதையை இந்தப் பத்தியில் போன வாரத்தோடு முடித்தேன். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்று எழுதுவதே என் வேலையாக இருந்தது. முன்கூட்டியே ஓய்வு எடுத்து வீட்டில் இருந்தபோதும் கை சும்மா இருக்கவில்லை. பால் பொங்கிய நேரம், மின்சாரம் நின்ற நேரம், பூனை வந்த நேரம் எல்லாம் என் டயறியில் ஏறின. எந்த ஆண்டு என்று கேட்டால் தடுமாறுவேன். எத்தனை மணி என்று கேட்டால் தடுமாறமாட்டேன்.

துளசி புலமைப்பரிசில் பரீட்சையில் தேறி நல்லூர்ப் பக்கத்திலுள்ள பெரிய பள்ளிக்கூடமொன்றில் ஆறாம் வகுப்புக்குப் போனாள். நாங்கள் இருப்பது புத்தூரில். அவளுக்கு நானே நேரசூசி போட்டேன். காலை ஆறு மணிக்குக் கணித ரியூசன். அதிலிருந்தே பஸ். பள்ளிக்கூடம் விட்டதும் விஞ்ஞான ரியூசன், அது முடிய ஆங்கில ரியூசன். மாலை ஐந்து ஐம்பதுக்கு வீடு. சனிக்கிழமைக்கு வேறு நேரசூசி. நான்கு நிற மையால் எழுதி, மட்டை ஒட்டி, சுவரில் கொழுவினேன். வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

இரண்டாம் மாதத்தில் வயிற்றுக்குத்துத் தொடங்கியது. "துளசி. வயிற்றுக்குத்து. காலை 5.35. பாணைப் பாதியில் வைத்துவிட்டாள்." இப்படிப் பத்தொன்பது குறிப்புகள் சேர்ந்தபின் டொக்டரிடம் கொண்டுபோனோம். அவர் எல்லாம் சோதித்தார். என் டயறியையும் வாங்கிப் பார்த்தார்.

"வயித்திலை ஒரு பிழையுமில்லை. நீங்கள் வடிவா எழுதியிருக்கிறியள். பிள்ளை எத்தினை மணிக்கு விளையாடுறவ?"

டயறியைப் புரட்டினேன். முன்னும் பின்னும் புரட்டினேன். அப்படியொரு குறிப்பு இருக்கவில்லை.

"தேடுங்கோ, தேடுங்கோ" என்றார் டொக்டர். "நான் மற்ற ஆளைப் பாக்கிறன்."

வீட்டுக்கு வரும் வழியில் வத்சலா இன்னொன்றைச் சொன்னாள். "வயித்துக்குத்தை விடுங்கோ. இவள் கேள்வி கேட்டு எவ்வளவு காலம்? கவனிச்சனீங்களோ?"

உண்மை. சின்ன வயதில் துளசி "ஏன்" என்று தொடங்கினால் எங்களுக்குச் சோறு இறங்காது. நிலா ஏன் எங்களோடு வருது, மாடு ஏன் படுத்துக்கொண்டு சாப்பிடுது, பஸ்ஸுக்கு ஏன் பின்னாலையும் கண்ணாடி. இப்போது எதைச் சொன்னாலும் "ஓம்" என்றாள். எதைக் கொடுத்தாலும் எழுதினாள். வயிற்றை அமத்திக்கொண்டு எழுதினாள்.

ஒரு தவணை

வீட்டில் வைத்துப் படிப்பிப்போம் என்று முதலில் சொன்னது நான்தான். வத்சலா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நிபந்தனையோடு வந்தாள்.

"ஒரு தவணை, மூண்டு மாதம் தாறன். அதுக்குள்ளை என்ரை பிள்ளை முந்தின மாதிரி வாயைத் திறந்து கேள்வி கேக்கவேணும். இல்லையெண்டால் திரும்பப் பள்ளிக்கூடம். எல்லா வகுப்பும். பிறகு நீங்கள் ஒரு கதையும் கதைக்கக்கூடாது."

டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு அதிபரிடம் போனேன். அவர் கடிதத்தை வாசித்து, பெயரை வெட்டாமல் ஒரு தவணைக்கு விடுப்புத் தந்தார், தேவையென்றால் நீட்டலாம் என்றும் சொன்னார். "வீட்டிலை ஆர் படிப்பிக்கிறது?" என்று கேட்டார். "நான்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, நேரத்துக்கு எழுப்பிவிடுவியள் எண்டு தெரியுது" என்றார்.

துளசியின் தங்கை மதுராவுக்கு ஏழு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள். "அக்காக்கு வயித்துக்குத்து எண்டால் எனக்குக் காதுக்குத்து" என்று அவளும் படுத்துக்கொண்டாள். கடைசியில், காலையில் பள்ளிக்கூடம், மத்தியானத்துக்குப் பிறகு வீட்டில் அக்காவோடு பாடம் என்று ஒத்துக்கொண்டாள். ஆக எனக்கு முழுநேர மாணவி ஒருத்தி, பகுதிநேர மாணவி ஒருத்தி.

மாமரத்தடி வாத்தியார்

இங்கே நான் செய்த பிழை விளங்குவதற்கு இன்னும் பின்னால் போகவேண்டும்.

நான் துளசியின் வயதில் இருந்தபோது போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு தென்னங்காணிக்குள் இருந்தோம். எட்டுக் குடும்பம், ஒரு கிணறு. எந்த நேரம் சாப்பாடு, எந்த நேரம் நித்திரை என்று ஒன்றுமே இல்லை. ஆனால் தினமும் மூன்று மணிக்கு ஒருவர் சைக்கிளில் கரும்பலகையைக் கட்டிக்கொண்டு வருவார். மாமரத்தில் சாத்துவார். வாங்கு இரவல் வாங்கிப் போடுவோம். நாலரைக்குக் கட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரு நாளும் பிந்தியதில்லை.

அவர் என்ன படிப்பித்தார் என்பது நினைவில் இல்லை. மூன்று மணி என்பது மட்டும் நிற்கிறது. அந்த நாட்களில் நிச்சயமாக நடந்த ஒரே காரியம் அது. எங்கள் வயதுக்காரர் பலருக்கு இது உள்ளே இறங்கிவிட்டது. உலகம் கவிழ்ந்தாலும் வாங்கும் பலகையும் இருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம்.

அதனால் வீட்டுப் படிப்பு என்று தீர்மானித்ததும் நான் முதலில் செய்தது ஒரு கொட்டில் போட்டது. ஒழுங்கையைப் பார்த்தபடி, நல்ல காற்று வரும் பக்கமாக. மூடிப்போன ரியூசன் நிலையம் ஒன்றிலிருந்து கரும்பலகையும் நான்கு வாங்குகளும் ஏற்றி வந்தேன். ஒரு வாங்கு போதும். நான்கும் ஒரே பச்சை நிறமாக இருந்ததால் பிரிக்க மனம் வரவில்லை. வரவு இடாப்பு ஒன்றும் தொடங்கினேன். அதில் இரண்டு பெயர். காலை எட்டுக்குத் தேவாரம், எட்டு ஐந்துக்கு விசில், நாற்பது நிமிடத்துக்கு ஒரு பாடம்.

உண்மையில் அந்த நேரசூசியில் மூன்றாம் பாடத்துக்கு நாங்கள் ஒருநாளும் போய்ச் சேரவில்லை. மீன்காரர் வருவார். மதுராவின் ஆடு குட்டி போடும். துளசி ஆறரை வரைக்கும் நித்திரை கொண்டாள், பாணை முழுதாகச் சாப்பிட்டாள். டயறியில் வயிற்றுக்குத்துக் குறிப்புகள் நின்றுபோயின. கேள்வி மட்டும் இன்னும் வரவில்லை.

எட்டாம் நாள் காலை ஒன்பது பத்துக்குப் பக்கத்து வீட்டுச் செல்வராணி அக்கா வேலிக்கு மேலால் தலையை நீட்டினா.

"தம்பி, கொட்டில் போட்டு, போர்ட்டும் வைச்சு, விசிலும் அடிக்கிறியள். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லைப் பாத்தியளோ?"

"ஐயோ அக்கா, இது ரியூசன் இல்லை. எங்கடை பிள்ளையளுக்கு மட்டும்."

"சும்மா போங்கோ. ரண்டு பிள்ளைக்கு ஆரும் நாலு வாங்கு போடுவினமோ?"

ஒரே பச்சை நிறம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"என்ரை தர்சினியையும் இருத்துங்கோ. மூலையிலை இருப்பாள். கணக்குத்தான் அவளுக்குக் கொஞ்சம் இடறுது."

தர்சினிக்குத் துளசியின் வயது. நான் ஓம் என்றேன். அடுத்த நாள் தர்சினியோடு அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரங்கள் இருவர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் ஐந்து பேர். பள்ளிக்கூடம் விட்டு நேரே என் கொட்டிலுக்கு. படலையில் கத்தரிக்காய்ப் பைகளும் முருங்கைக்காய்க் கட்டுகளும் தொங்கத் தொடங்கின. "போன வருசத்து வினாத்தாள் எல்லாம் செய்விப்பியள்தானே மாஸ்ரர்?" என்று ஒரு தகப்பன் கேட்டார்.

மாஸ்ரர்! இருபது வருடமாக "எந்த பஸ் முதல் போகும்?" என்று மட்டுமே என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது. மறைக்கப்போவதில்லை. மூன்று மணி என்று விசில் ஊதியபோது மாமரத்தடி வாத்தியாராகவே மாறிவிட்டேன் என்று நினைத்தேன்.

திரும்பவும் நான்கு இருபது

இப்போது வத்சலா கொட்டில் வாசலில் நிற்கிறாள். அவள் மூன்று கிழமையாகப் பகல் முழுவதும் வேலை. வழமையாக அவள் வரும்போது பிள்ளைகள் போய்விட்டிருப்பார்கள். "அயல்பிள்ளையள் ஒண்டு ரண்டு வருகினம்" என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தேன். அன்று அவளுக்கு முந்திய பஸ் கிடைத்துவிட்டது.

வகுப்பை விட்டு அனுப்பியதும், "டயறியை எடுங்கோ" என்றாள்.

எடுத்தேன். அவள் விரலை வைத்துத் தேடினாள். வயிற்றுக்குத்து இல்லாத பதினொரு நாள். பிறகு, என் கையெழுத்திலேயே, சிவப்பு மையில்: "துளசி. வயிற்றுக்குத்து. 2.40." அடுத்த நாள் 2.40. அடுத்த நாள் 2.45.

"மூண்டு மணிக்கு என்ன?" என்றாள்.

டயறியைக் கிட்ட இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியையும் நானே எழுதியிருக்கிறேன். ஒரு தரங்கூட வாசிக்கவில்லை.

"நாளைக்கே நிப்பாட்டிறன்" என்றேன். பிறகு யோசித்தேன். "எப்பிடிச் சொல்லுறது? உமக்குப் பிரசவ நோ வந்த அண்டைக்கு ஓட்டோ பிடிச்சுத் தந்தது செல்வராணியக்கா. அவவின்ரை பிள்ளையை வரவேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

வத்சலா டயறியை மூடினாள். அன்று அவள் முதல்தரம் சிரித்தாள்.

"ஒண்டும் சொல்ல வேண்டாம். வினாத்தாளைத் தூக்கி வைச்சிட்டு, வீட்டிலை எப்பிடிப் படிப்பிக்க வேணும் எண்டு வெளிக்கிட்டனீங்களோ, அப்பிடிப் படிப்பியுங்கோ. சனம் தன்ரைபாட்டிலை போகும்."

சனிக்கிழமை, ஒன்பது பதினேழு

சனிக்கிழமை காலை பதின்மூன்று பிள்ளைகளையும் சைக்கிளில், அடி தெரியாத ஆழமென்று சொல்லப்படும் நிலாவரைக் கிணற்றுக்குக் கூட்டிப்போனேன். எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம். மதுரா என் சைக்கிளின் முன்பாரில். கொப்பி கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆனாலும் ஒன்பது பேர் கொண்டுவந்திருந்தார்கள்.

வெயில் ஏறாத நேரம். பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்று சொன்னேன். கொப்பி கொண்டுவந்த ஒன்பது பேரும் எழுதினார்கள்.

தர்சினி கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். "மாமா, இதுக்குள்ளை தேசிக்காய் போட்டால் கீரிமலைக் கடற்கரைக் கேணியிலை போய் மிதக்குமாம். அம்மா சொன்னவ."

எல்லோரும் அந்த எலுமிச்சங்காய்க் கதையைக் கேட்டவர்கள்தான். எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். நானும் ஓம் என்று சொல்ல வாய் திறந்தேன்.

"தேசிக்காய் மிதக்கிற சாமானெல்லோ?" என்று ஒரு குரல் கேட்டது. "மிதக்கிற சாமான் எப்பிடியப்பா கீழாலை போகும்?"

துளசி. எல்லோருக்கும் பின்னால், சைக்கிளில் சாய்ந்தபடி. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பழக்கதோசம். ஒன்பது பதினேழு.

"தெரியேல்லையம்மா" என்றேன். அந்த வார்த்தையை நான் அந்தத் தவணையில் முதல்தரம் சொன்னேன்.

கிணற்றுக்குள் ஒன்றும் போடக்கூடாது. ஆகவே வீட்டுக்கு வந்து, எங்கள் தேசிமரத்தில் ஐந்து காய் பறித்து, பெரிய பேசினில் தண்ணீர் விட்டுப் போட்டோம். மூன்று மிதந்தன. இரண்டு அடியில் தாண்டுபோயின. பிள்ளைகளிடையே பெரிய சண்டை. "அது பழுதல்!" "இல்லையடா, அது முத்தல்!" துளசி குசினிக்குள் போய் உப்புப் பேணியோடு வந்தாள். ஒவ்வொரு கரண்டியாகப் போட்டுக் கலக்கினாள். பதினான்காம் கரண்டியில் தாண்ட காய் ஒன்று மெல்ல எழும்பியது. கொஞ்சம் பொறுத்து மற்றதும்.

துளசி பேசினுக்கு மேல் குனிந்தபடி சொன்னாள்: "அப்ப மிதக்கிற காய் மேலையே நிக்கும். தாழுற காய் உப்புத் தண்ணி வந்த இடத்திலை நிண்டிடும். ஒண்டும் கீரிமலைக்குப் போகாது."

"அப்ப அம்மா சொன்னது பொய்யோ?" என்று தர்சினி அழும் குரலில் கேட்டாள்.

"பொய்யெண்டு நான் சொல்லேல்லையடி. அவ போட்டுப் பாத்தவவோ எண்டு கேள்."

கூட்டம் கலைந்த விதம்

தர்சினி போய்க் கேட்டிருக்கிறாள். திங்கட்கிழமை ஏழு பேர்தான் வந்தார்கள். அன்று உப்புத் தண்ணீரில் பீற்றூட் சாறு கலந்து, அது நல்ல தண்ணீருக்குக் கீழே நிற்குமா என்று பார்த்தோம். நின்றது. பிள்ளைகள் சிவந்த கையோடு வீட்டுக்குப் போனார்கள். புதன்கிழமை நான்கு பேர். வெள்ளிக்கிழமை தர்சினி மட்டும். சனிக்கிழமை செல்வராணி அக்கா நேரே படலையால் வந்தா.

"தம்பி, குறை நினைக்கப்படாது. நீங்கள் நல்ல மனுசன். ஆனால் தேசிக்காய் பரீட்சையிலை வராது."

"உண்மைதானக்கா."

"பெட்டை வீட்டிலை இருந்த உப்பு முழுக்க முடிச்சுப்போட்டாள். சந்தியிலை புதுசா ஒரு வகுப்புத் தொடங்கியிருக்கினமாம். அங்கை விட்டுப் பாக்கிறன்."

மூன்று வாங்குகளை அந்த வகுப்புக்கே ஏற்றி அனுப்பினேன். விசிலை மேசை லாச்சிக்குள் வைத்தேன். மனம் லேசாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த நாள் மூன்று மணிக்கு ஒழுங்கையில் சைக்கிள் மணிகள் கேட்டு, அவை எங்கள் படலையைத் தாண்டிப் போனபோது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. மாஸ்ரராக இருந்தது மொத்தம் இருபத்திரண்டு நாள்.

தர்சினி இப்போது எங்களிடம் படிக்க வருவதில்லை. விளையாட வருகிறாள். விளையாட்டு என்றால் தாய் மறிப்பதில்லை. வந்து பேசினுக்குப் பக்கத்தில்தான் குந்துகிறாள்.

தவணை முடிந்த புதன்கிழமை

தவணையின் கடைசி நாள் வத்சலாவுக்கு லீவு, மதுராவும் பள்ளிக்கூடம் போகவில்லை. காலையிலேயே துளசியின் பள்ளிக்கூடச் சட்டையைத் தோய்த்து, மடிப்பு வைத்து அழுத்தி, கதிரையில் போட்டிருந்தாள். அவள் சொன்ன சொல்லில் நிற்பவள். நானும் ஆயத்தமாக இருந்தேன். பாடக் குறிப்புகள் ஒரு கோவை, துளசி வரைந்த படங்கள் ஒரு கோவை, டயறியில் தேவையான பக்கங்களுக்கு அடையாளக் கடதாசி. எல்லாவற்றையும் மேசையில் நேராக அடுக்கினேன்.

வத்சலா ஒன்றையும் திறக்கவில்லை. துளசிக்குப் பிட்டும் முட்டைப் பொரியலும் போட்டுவிட்டு எதிரில் இருந்தாள்.

"பிள்ளை, அம்மாக்குச் சொல்லு பாப்பம். என்ன படிச்சனீ?"

துளசி பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்தாள். நான் கோவைகளின் விளிம்பை நேராக்கினேன். இரண்டு நிமிடம் போயிற்று, மூன்று நிமிடம் போயிற்று. வத்சலா கதிரையிலிருந்த சட்டையைப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள் துளசி. "ஆஸ்பத்திரியிலை ஏத்துற சேலைனும் உப்புத் தண்ணிதானே?"

"ஓம்."

"அதுக்குள்ளை தேசிக்காய் மிதக்குமோ?"

வத்சலா சட்டையிலிருந்து கண்ணை எடுத்தாள். மூடினாள். "மிதக்கும்... இல்லை, பொறு. அதிலை உப்புக் குறைவெல்லோ."

"எவ்வளவு?"

"ஒரு லீற்றருக்கு ஒன்பது கிராம்."

"ஏன் ஒன்பது? ஏன் கூடப் போடக்கூடாது? கூடப் போட்டால் எங்கடை ரத்தத்துக்கு என்ன செய்யும்? ஏன் சும்மா தண்ணி ஏத்தேலாது?"

வத்சலா ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் இரண்டுக்கும் உடனே. மூன்றாவதற்குக் கையால் மேசையில் வட்டம் கீறிக் காட்டினாள். நான்காவதற்கு அடையாளக் கடதாசியோடு இருந்த என் கோவையை இழுத்து, அதன் பின்பக்கத்திலேயே பேனையால் வரைந்தாள். நான் தடுக்கவில்லை. பிட்டு ஆறிக்கொண்டிருந்தது. எட்டு ஐம்பதுக்கு இரண்டு பேரும் எழும்பிக் குசினிக்குள் போனார்கள். தராசு எங்கே என்று வத்சலா கத்தினாள். பேசின் எங்கே என்று மதுரா கத்தினாள்.

பள்ளிக்கூடச் சட்டையை நான்தான் எடுத்து அலுமாரியில் கொழுவினேன்.

கொஞ்ச நேரத்தில் வத்சலா உப்புக் கையோடு எட்டிப் பார்த்தாள். "இஞ்சரப்பா, அடுத்த தவணை நேரசூசியிலை புதன்கிழமையை எனக்குப் போடுங்கோ. நான் படிப்பிக்கிறன். நீங்கள் அந்த ஒரு வாங்கிலை இருங்கோ."

மட்டையையும் நான்கு பேனைகளையும் எடுத்துக்கொண்டு இருந்தேன். புதன்கிழமை என்று எழுதினேன். "என்ன பாடம் எண்டு போடுறது?"

"அதை என்னட்டைக் கேக்காதையுங்கோ. அவளிட்டைக் கேளுங்கோ."

குசினி வாசலில் போய் நின்று துளசியிடம் கேட்டேன். அவள் நிமிரவில்லை. இரண்டு கையாலும் பேசினைப் பிடித்து, தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நேரமில்லையப்பா" என்றாள். "பிறகு வாங்கோ."